அறிவிருந்தும் மதிப்பெண் வராத பிள்ளை: விடைத்தாளிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"மூளை இருக்கு சார், உழைப்புதான் இல்லை." மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் எனக்கு, பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத ஆண்டே கிடையாது. பத்தாம் வகுப்பில் 500க்கு 460, 470 என்று எடுத்த பிள்ளை, பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் பாதி மதிப்பெண்ணைக்கூடத் தொடாமல் வந்து நிற்கும்போது, வீட்டில் முதல் சந்தேகம் கைப்பேசியின் மேல் விழுகிறது. அடுத்தது நண்பர்கள் மேல். கடைசியில் பிள்ளையின் குணத்தின் மேலேயே விழுகிறது. சோம்பேறி என்ற பெயரை ஒரே வாரத்தில் சூட்டிவிடுகிறோம். அதைக் கழற்றச் சில நேரங்களில் ஆண்டுகள் ஆகின்றன.

நான் பார்த்த பிள்ளைகளில் பலருக்கு இருந்த சிக்கல் வேறு. வகுப்பில் ஒருமுறை கேட்டாலே புரிந்துவிடுகிற பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பு வரையிலும், சிலருக்குப் பத்தாம் வகுப்பு முடியும் வரையிலும்கூட, உட்கார்ந்து படிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. புரியாத பக்கத்தின் முன்னால் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருப்பது, மறந்துபோனதைத் திரும்பப் பிடிப்பது, தெரிந்ததைப் பிறர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுவது ஆகியவற்றை மற்ற பிள்ளைகள் சிறு வகுப்பிலிருந்தே திணறித் திணறிக் கற்றிருப்பார்கள்; இந்தப் பிள்ளை அவற்றைக் கற்காமலேயே மேலே ஏறி வந்திருக்கும். பாடம் கடினமாகும் ஆண்டில்தான் அந்தக் குறை முதன்முதலாக வெளியே தெரிகிறது. கற்றுக்கொள்ளாமல் விட்டுப்போன ஒன்றைத் திட்டிச் சரிசெய்ய முடியாது, கற்றுக்கொடுத்துத்தான் சரிசெய்ய முடியும். அதற்கான வழியை, நான் பின்பற்றிப் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை என்றாலும், முறை எந்த வகுப்புக்கும் பொருந்தும்.

முதல் படி: உடலையும் தூக்கத்தையும் பார்த்துவிடுங்கள்

படிக்கும் முறையில் கை வைப்பதற்கு முன், மருத்துவக் காரணம் ஏதும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கண் பரிசோதனை முதலில். உயரமாக இருப்பதால் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை, கரும்பலகை மங்கலாகத் தெரிவதை யாரிடமும் சொல்லாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும். வளரிளம் பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டுக் குறைபாடும் சோர்வாகவும் மந்தமாகவும் வெளிப்படும். எளிய இரத்தப் பரிசோதனையில் இரண்டும் தெரிந்துவிடும். 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. இரவு 11.30க்குப் படுத்து, காலைச் சிறப்பு வகுப்புக்காக 5 மணிக்கு எழும் பிள்ளைக்கு ஐந்தரை மணி நேரம்தான் கிடைக்கிறது. அந்த நிலையில் எந்தப் படிப்பு முறையும் பயன் தராது.

அடுத்து, கற்றல் குறைபாடு. அறிவுக்கூர்மை உள்ள பிள்ளைகளிடம் இது நெடுநாள் ஒளிந்திருக்கும், ஏனென்றால் கேள்வியறிவாலும் ஊகத்தாலும் அவர்கள் அதைச் சமாளித்துக்கொண்டே வருவார்கள். வாய்மொழியாகக் கேட்டால் சரளமாகப் பதில் சொல்லும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் மூன்று வரியில் நிறுத்திவிடுகிறதா, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதுகிறதா, சத்தமாக வாசிக்கச் சொன்னால் சிறு வயது முதலே ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கிறதா என்று கவனியுங்கள். இவை டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாட்டின் அடையாளங்களாக இருக்கலாம். கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்றால் ஓடியாடும் பையன்தான் நம் நினைவுக்கு வருகிறான். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கும் அது இருக்கலாம். தொந்தரவு தராததால் அவளை யாரும் கவனிப்பதில்லை. இந்தக் கோளாற்றின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்திருக்க வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல்களில் ஒன்று. ஆகவே பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று தொடங்கிய கவனச்சிதறலுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவச் சான்று இருந்தால், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற பொதுத்தேர்வுச் சலுகைகளுக்குப் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம். பொதுத்தேர்வு நெருங்கும் வரை இதைத் தள்ளிப் போடாதீர்கள். சான்று வாங்குவதற்கே அலைய வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: விடைத்தாளை மேசையில் விரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். மதிப்பெண் அட்டை ஒரு கூட்டுத்தொகையை மட்டும் சொல்கிறது. பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை விடைத்தாள்தான் சொல்கிறது. ஆனால் வீடுகளில் பெரும்பாலும் அட்டையில் கையெழுத்துப் போடுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது, விடைத்தாளோ புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனும் அவனுடைய அம்மாவும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். காலாண்டு இயற்பியலில் 70க்கு 31. அம்மா சொன்னார்: "கவனமே இல்ல சார். எல்லாம் அவசரம்." பையன் ஒன்றும் பேசவில்லை. நான் விடைத்தாளை விரித்து, வெள்ளைத்தாள் ஒன்றில் நான்கு கட்டங்கள் போட்டு, இழந்த 39 மதிப்பெண்ணையும் ஒவ்வொன்றாக அவனையே ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதச் சொன்னேன். முதல் கட்டம்: தெரியாது. இரண்டாவது: தெரியும், எழுத வரவில்லை. மூன்றாவது: கை தவறியது. நான்காவது: நேரம் போதவில்லை.

ஒரு மதிப்பெண் வினாக்கள் 15இல் 13 சரியாக இருந்தன. எறிபொருள் எந்தக் கோணத்தில் மிக அதிகத் தொலைவு போகும் என்ற கேள்விக்கு 45 பாகை என்று தயக்கமில்லாமல் குறித்திருந்தான். அதே பாடத்தின் ஐந்து மதிப்பெண் வினா, அந்தத் தொலைவுக்கான சமன்பாட்டைத் தருவிக்க, அதாவது படிப்படியாக வரவழைத்துக் காட்டச் சொல்லியிருந்தது. படம் வரைந்திருந்தான்; முதல் இரண்டு வரி எழுதியிருந்தான்; அதற்குக் கீழே நேராக இறுதிச் சூத்திரம் நின்றது. நடுவில் இருக்க வேண்டிய ஆறேழு வரிகள் இல்லை. "நடுவுல என்னப்பா ஆச்சு?" என்றேன். "வாசிக்கும்போது புரிஞ்சுது சார். எழுதும்போது அடுத்தது என்னன்னு வரல. கடைசி லைன் மட்டும் ஞாபகம் இருந்துச்சு" என்றான்.

கட்டங்களை நிரப்பி முடித்தபோது, தெரியாது என்பதில் 9, எழுத வரவில்லை என்பதில் 21, கை தவறியதில் 4, நேரம் போதாததில் 5. கவனக்குறைவு என்று அம்மா நினைத்தது 39இல் நான்குதான். 21 மதிப்பெண், புரிந்தாலே போதும் என்று எண்ணி எழுதிப் பார்க்காமல் விட்டதற்கான விலை. அந்தத் தாளை அந்த அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அன்றைக்கு முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தான். தன்னைப் பற்றிச் சொல்லப்பட்டது உண்மையில்லை என்பதற்கு அவன் கையில் கணக்கு இருந்தது.

இதை வீட்டில் செய்யும்போது சில விதிகளைக் கடைப்பிடியுங்கள். எந்தக் கட்டம் என்பதைப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். "இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வி ஒருமுறை வந்துவிட்டால், அதற்குப் பிறகு எல்லாத் தவறுகளும் "கை தவறியது" கட்டத்துக்கே போய்ச் சேரும், ஏனென்றால் அந்தக் கட்டம்தான் மானத்தைக் காக்கிறது. ஒரே நாளில் எல்லாப் பாடங்களையும் எடுக்காமல் ஒரு பாடத்தை மட்டும் எடுங்கள்.

எந்தக் கட்டம் பெருத்திருக்கிறதோ அதற்கேற்ப மருந்து மாறும். நான்காவது கட்டம் பெருத்திருந்தால், கடிகாரத்தை வைத்து வாரம் ஒரு முழு வினாத்தாள் எழுதிப் பழகினால் போதும். மூன்றாவது உண்மையிலேயே பெரிதாக இருந்தால், அலகு, குறி, வினா எண் ஆகியவற்றைச் சரிபார்க்கக் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். முதல் கட்டம் பெருத்திருந்தால் அடிப்படை எங்கே விட்டுப்போனது என்று பின்னோக்கித் தேட வேண்டும். இயற்பியலில் தடுமாறும் பிள்ளைக்குப் பல சமயம் பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான் குறையாக இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு மேல்நிலையில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகளுக்கு இரண்டாவது கட்டத்தோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் ஒரு மாதம் தமிழ்ப் பாடநூலையும் ஆங்கிலப் பாடநூலையும் அருகருகே வைத்துக்கொண்டு, முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம்.

மூன்றாம் படி: "கற்பூர புத்தி" என்ற பெயரின் பாரத்தை இறக்குங்கள்

காட்டியவுடன் பற்றிக்கொள்ளும் பிள்ளையைக் கற்பூர புத்தி என்கிறோம். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் பத்து ஆண்டுகள் அந்தப் பெயரோடு வளர்ந்த பிள்ளை, பாடம் கடினமாகும்போது ஒரு கணக்குப் போடுகிறது: படித்து மதிப்பெண் குறைந்தால் நான் புத்திசாலி இல்லை என்று ஆகிவிடும், படிக்காமல் குறைந்தால், படித்திருந்தால் எடுத்திருப்பான் என்று சொல்வார்கள். இரண்டாவது வழியில் பெயர் தப்பித்துவிடுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு வரை புத்தகத்தைத் தொடாமல் இருப்பதற்குப் பின்னால் பல பிள்ளைகளிடம் இந்த அச்சம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, ஒரு சாராரை "நீ புத்திசாலி" என்றும் இன்னொரு சாராரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அடுத்து எளிய பணியையே நாடினார்கள்; கடினமான புதிரில் தோற்ற பிறகு, முன்பு போட்ட அளவுக்கும் கீழே இறங்கினார்கள்; தங்கள் மதிப்பெண்ணைப் பிறருக்கு எழுதித் தெரிவிக்கும்போது அதைக் கூட்டி எழுதியவர்களும் அவர்களில் அதிகம். இந்தத் துறையில் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவு விளைவைக் காட்டவில்லை. இருந்தாலும் என் வகுப்பறையில் தினமும் பார்க்கும் காட்சியோடு இது அச்சாக ஒத்துப்போகிறது.

ஆகவே வீட்டில் பேச்சை மாற்றுங்கள். "நீ நெனச்சா சென்டம் எடுக்கலாம்" என்பது ஊக்கம் போலத் தோன்றினாலும், நினைக்காதது உன் குற்றம் என்றுதான் பிள்ளையின் காதில் விழுகிறது. அதற்குப் பதிலாக, "இந்த டெரிவேஷன்ல எந்த வரியில நின்னுட்ட?" என்று கேளுங்கள். அக்கா, அண்ணன், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆகியோரை இந்தப் பேச்சில் கொண்டுவராதீர்கள். உறவினர் முன்னால் மதிப்பெண்ணைச் சொல்ல நேர்ந்தால் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், விளக்கம் வேண்டாம்.

உறவினர்கள் ஆறுதலாகச் சொல்லும் இராமானுஜன் கதை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வான எஃப்.ஏ. தேர்வில் வெல்லவில்லை. இது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் அவர் நாள் முழுவதும் கணிதத்தில் மூழ்கி நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டு வேறு எதிலாவது, அது நிரல் எழுதுவதோ, ஓவியமோ, சதுரங்கமோ, மணிக்கணக்கில் தானாக உழைக்கிறதா என்று பாருங்கள். உழைக்கிறது என்றால், உழைக்கும் திறமை அங்கே இருக்கிறது. பாடத்தோடுதான் தொடர்பு அறுந்திருக்கிறது. விருப்பமில்லாத குரூப்பில், "மார்க் இருக்கே" என்பதற்காக மட்டும் சேர்க்கப்பட்ட பிள்ளையா என்று அப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கமாக இருந்தால் குரூப் மாற்றம் பற்றித் தலைமையாசிரியரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். நான் அறிந்த வரையில், அப்படி மாறிய பிள்ளைகளில் எவரும் அதற்காக வருந்தவில்லை.

நான்காம் படி: வாசிப்பதை நிறுத்தி, மூடிவைத்து எழுதுவதைத் தொடங்குங்கள்

அறிவுள்ள பிள்ளையை மிக எளிதாக ஏமாற்றுவது திரும்ப வாசித்தல். இரண்டாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே தோன்றும். வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 40 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தேர்வன்று காலை வரை எல்லாம் தெரிந்ததுபோல் இருந்து, கேள்வித்தாளைப் பார்த்ததும் வெறுமையாகிப்போவதன் விளக்கம் அதில் இருக்கிறது. படிக்கும் முறையாக நன்னூல் சொல்வதிலும் "கேட்டவை நினைத்தல்", "வினாதல்", "வினாயவை விடுத்தல்" என்பவை இடம்பெறுகின்றன. திரும்பப் பார்ப்பதற்கு முன் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் மரபுக்கும் புதிதில்லை.

நடைமுறை இதுதான். ஒரு தருவித்தலையோ ஒரு வினாவையோ ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, ரஃப் நோட்டில் நினைவிலிருந்து எழுத வேண்டும். நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு, இரண்டு நிமிடம் முயன்று, அதன் பிறகே புத்தகத்தைத் திறந்து விட்டுப்போன வரிகளை வேறு நிற மையில் எழுத வேண்டும். மூன்றாம் நாள் அதே வினாவை மறுபடியும், பிறகு ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை எழுத வேண்டும். வேறு நிற மை குறைந்துகொண்டே வருவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும். நான் மேலே சொன்ன மாணவன் முதல் வாரத்தில் ஒரு தருவித்தலில் நான்கு இடங்களில் நின்றான். அவமானமாக இருக்கிறது என்று நோட்டைத் தூக்கி வைத்துவிட்டான். அந்த அவமானம்தான் கடக்க வேண்டிய இடம். இது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் அவனுக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். நான் சொல்லத் தவறிவிட்டேன்.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு இந்தப் பிள்ளைகள் அதிக நேரம் கொடுக்க வேண்டாம். அவை பெரும்பாலும் வந்துவிடும். இயற்பியல், வேதியியல் தாள்களில் 70இல் 55 மதிப்பெண் எழுதும் விடைகளுக்கே உரியது என்பதால், நேரம் அங்கேதான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: தொடங்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

"இன்னைக்கு நிறையப் படிக்கணும்" என்ற முடிவு நிறைவேறுவது அரிது. "மாலை 6.15க்கு, டீ குடித்து முடித்ததும், மொட்டைமாடி அறையில், ஒரு தருவித்தல்" என்று நேரமும் இடமும் பணியும் சேர்த்து எழுதப்பட்ட முடிவு நிறைவேற வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு 25 நிமிடம் போதும். பெற்றோருக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். தவறாமல் உட்காரும் பழக்கம் வந்த பிறகு நேரம் கூடும். கைப்பேசி அந்த 25 நிமிடத்துக்கு வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்.

டியூஷன் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவது கட்டம் பெருத்த பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பினால், புரிந்த பாடத்தையே இன்னொருவர் மறுபடி நடத்துவதை அது கேட்டுக்கொண்டிருக்கும். எழுதிப் பார்க்க வேண்டிய மாலை நேரமும் போய்விடும். முதல் கட்டம் பெருத்திருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

ஆறாம் படி: பள்ளியைக் கூட்டாளியாக்குங்கள்

மதிப்பெண் குறைந்த வாரத்தில் போகாமல், இரண்டு வாரம் கழித்து, நான்கு கட்டத் தாளோடு பாட ஆசிரியரைப் பாருங்கள். "என் பிள்ளையைக் கவனிங்க" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "வாரம் ஒரு ஐந்து மதிப்பெண் விடையை எழுதிக் கொண்டுவந்தால், எங்கே படி விட்டுப்போகிறது என்று மட்டும் குறித்துக் கொடுக்க முடியுமா மிஸ்?" என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

வகுப்பு உண்மையிலேயே எளிதாக இருப்பதால் சலித்துப்போன பிள்ளைக்கு, முக்கியமாக எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில், கடினமான வேலை கிடைக்கச் செய்யுங்கள். ஒலிம்பியாட் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணக்கோடு இரண்டு நாள் போராடித் தோற்ற அனுபவம் பதின்மூன்று வயதில் கிடைத்துவிட்டால், பதினாறு வயதில் அது பிள்ளையை உலுக்காது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் அந்த ஆண்டைத் தளர்வாக விட்டுவிடும் எண்ணம் வரலாம். நீட், ஜேஇஇ இரண்டும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்பவை என்பதை மறக்க வேண்டாம். ஆனால் பொதுத்தேர்வின் அழுத்தம் இல்லாத இந்த ஆண்டு, தவறி விழுந்து எழுதிப் பழக மிக ஏற்ற ஆண்டு.

உதவி தேட வேண்டிய நேரம்

முன்பு விரும்பிச் செய்த எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் மாறினாலோ, "நான் எதுக்குமே லாயக்கில்ல" என்பது போன்ற பேச்சு வந்தாலோ, படிப்பை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் உதவி எண் 14416 எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணிலும் மாணவர்கள் வழிகாட்டுதல் பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே, அந்த மணியே உதவி தேடுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

அரையாண்டுத் தேர்வு வந்ததும்

செப்டம்பரில் தொடங்கினால் டிசம்பர் அரையாண்டுத் தேர்வு முதல் சோதனை. மொத்த மதிப்பெண் அதிகம் ஏறியிருக்காது, ஏமாறாதீர்கள். மீண்டும் நான்கு கட்டங்கள் போட்டு, இரண்டாவது கட்டத்தை மட்டும் முந்தைய தாளோடு ஒப்பிடுங்கள். நான் சொன்ன மாணவன் அரையாண்டில் 70க்கு 42 எடுத்தான். அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. ஆனால் 21 ஆக இருந்த இரண்டாவது கட்டம் 8 ஆகக் குறைந்திருந்தது. புதிய பாடங்கள் சேர்ந்ததால் முதல் கட்டம் சற்றுக் கூடியிருந்தது. விடைத்தாளை நான் விரிப்பதற்கு முன்பே, தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனே நான்கு கட்டங்களையும் போட்டு நிரப்பிக் கொண்டுவந்திருந்தான். உங்கள் பிள்ளையும் அப்படிச் செய்யத் தொடங்கும்போது, விடைத்தாள் பார்க்கும் வேலையை அதனிடமே விட்டுவிட்டு, கேட்டால் மட்டும் பக்கத்தில் போய் உட்காருங்கள்.